முயல் வளர்க்கும் மூக்கு

எனக்கு முயல் ஆகாது. தென்காசியில் ஒரு டாக்டர் என் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னார். முயல்களை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், முடியாவிட்டால் அவற்றின் முடி மேலே படாமல் விலகியாவது இருங்கள் என்றார். எனக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது.

முயல்கள் இரண்டும் என் மனைவியுடையவை. பிள்ளைகள் வெளியூர் போனபிறகு அவள் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்பவை அவை மட்டும்தான். நான் குறுக்கிடுவேன்.

சாரல் தொடங்கியதும் தும்மலும் தொடங்கியது. ஐந்தருவியில் காலைக் குளியலை முடித்து பஸ்ஸில் திரும்பும்வரை ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து காய்ந்த துண்டால் தலையைத் துவட்டியதும் ஆரம்பிக்கும். ஒருநாள் இருபத்திரண்டு. அடுத்தது வருவதுபோல் வந்து பாதியில் நின்றுவிட்டது. அது இன்னும் மோசம்.

"எண்ணாம தும்முங்களேன், பாதி குறையும்," என்றாள்.

கோபத்தில் வடகரையில் இருக்கும் அவள் தம்பிக்குப் போன் போட்டேன். தென்னந்தோப்பு வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்து முயல்களைக் கொண்டுபோகச் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. "சரி" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சண்டையில்லாமல் சரி சொன்னது இது மூன்றாவது தடவை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை கூண்டைக் கழுவப் பின்கட்டுக்குப் போனவள் அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

"ஏங்க, இங்கன வாங்க! கூண்டுக்கு மேல யாரு துண்டு காயப்போட்டது?"

நான்தான். சாரல் காலத்தில் எங்கள் ஊரில் துணி காய்வதாவது! மூன்று நாளானாலும் ஈரவாடைதான். முயல்களுக்குக் குளிருமென்று அவள் கூண்டின்மேல் ஒரு குண்டு பல்பு எரியவிட்டிருந்தாள். வீட்டிலேயே கதகதப்பான இடம் அது. அங்கே கயிறு கட்டித் தினமும் துண்டைப் போட்டுவந்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் இந்த யோசனையைப் பெருமையாகச் சொல்லியும் இருந்தேன்.

துண்டை வெளிச்சத்தில் விரித்தாள். பச்சைத் துண்டு முழுக்க வெள்ளை முடி. குளித்து வருகிறவன் மூக்குக் கண்ணாடி போட்டிருக்கமாட்டேன், எப்படித் தெரியும்? பதினேழு முடி வரை எண்ணினேன். துண்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"முயல் முடியில மூஞ்சியத் தொடச்சிட்டு முயலைக் குத்தம் சொல்லுதிய!"

மறுநாள் பீரோவிலிருந்து எடுத்த துண்டால் துவட்டினேன். ஆறு தும்மல். ஆறோடு நின்றது. சந்தேகத்துக்குக் கால்மணி நேரம் காத்திருந்தும் பார்த்தேன். வரவில்லை.

அதற்குள் தம்பி கூடையோடு வந்துவிட்டான். அவள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த சத்தமும் நின்றுபோயிருந்தது.

"முயலைக் கொண்டுபோக வேண்டாம்டே. ஆறு தும்மல்னா சமாளிச்சிக்கிடலாம்," என்றேன்.

"மழையில நனைஞ்சு வந்திருக்கேன் அத்தான், வெறுங்கூடையோடவா திரும்புவேன்? உங்க மூக்கையாவது கழட்டிக் குடுங்க, கொண்டுபோய்த் தோப்புல கட்டிப்போடுதேன்."

அடுப்படியில் சிரிப்பு வெடித்தது. காபி வந்தது, கூடவே உத்தரவும் வந்தது.

"பின்கட்டு அதுகளுக்கு. நீங்க அந்தப் பக்கம் எட்டிப் பாக்கக்கூடாது. சம்மதமா?"

பின்கட்டைக் கழித்தால் எனக்கு இரண்டு அறையும் முன்வாசலும் மிச்சம். தாராளம் என்றேன்.