பால் நிறத்தில் வந்த கியர் ஆயில்

புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நான் ஆயில் கடை நடத்திய நான்கு வருடங்களில் விற்றவற்றிலேயே அற்பமான பொருள், டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் அடிட்டிவ். வண்டியின் பின் அச்சு நடுவில் பானை போலப் புடைத்திருக்கும் இரும்புக் கூட்டைப் பார்த்திருப்பீர்கள்; அதுதான் டிஃபரன்ஷியல். அதற்குள் பற்சக்கரங்கள் கியர் ஆயிலில் முங்கி ஓடுகின்றன. அந்த ஆயிலில் கந்தகமும் பாஸ்பரசும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவையும் தயாரிக்கும் இடத்திலேயே சேர்த்துவிடுகிறார்கள். அதற்கு மேல் ஒரு பாட்டில் அடிட்டிவ் ஊற்றுவது, உப்புச் சரியாக இருக்கும் குழம்பில் கடைக்காரன் சொன்னான் என்று இன்னொரு கை உப்பை அள்ளிப் போடுவதுதான். சில விசேஷ வண்டிகளுக்குத்தான் அது உண்மையில் தேவைப்படும். அப்படி ஒரு வண்டிகூட என் கடை வாசலில் வந்து நின்றதில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். கல்லூரியில் முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு "சார்" என்று கூப்பிட ஆள் இல்லாமல் போனது பொறுக்கவில்லை. அதற்காகத்தான் கடை வைத்தேன்.

மேசை மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் சுழலும். அடிட்டிவ் கலந்த எண்ணெய் நூல் நூலாக மேலே ஏறும். கலக்காத எண்ணெய் அடியிலேயே கிடக்கும். கொதிக்கும் சூட்டில் பாரம் இழுக்கும் அச்சுக்கும் இந்தக் குழந்தைப் பொம்மைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வருகிறவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். "எது நல்லதுன்னு சாரே பாத்துக் குடுங்க" என்பார்கள். அவர்களைப் பார்த்து எனக்கு மனதுக்குள் இளக்காரம். மெக்கானிக்குகளைப் பார்த்தால் இன்னும் அதிகம்.

ஒருநாள் மணமேல்குடியிலிருந்து ஒருவர் வந்தார். பதினோரு வருடம் வளைகுடாவில் வேலை பார்த்தவர். விடுப்பில் வந்தபோது சொந்த மகளே அவரை மாமா என்று கூப்பிட்டிருக்கிறாள். அதோடு வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய லோடு வேன் வாங்கி, கரையிலிருந்து புதுக்கோட்டைக்கு மீன் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அம்பதத் தாண்டுனா பின்னாடி ஊளையிடுது சார். எம்மச்சான் அங்கதான் பட்டற வச்சிருக்காரு. கழட்டிப் பாக்கணும்ங்கிறாரு. கழட்டுனா ரெண்டு நாள் ஓட்டம் போயிரும்."

"கழட்டாம முடிக்கலாம்" என்றேன்.

"முடிச்சுக் குடுங்க சார். இந்த வண்டி ஓடுனா நான் இங்கிட்டு இருக்கேன். இல்லன்னா திரும்பவும் பாஸ்போர்ட்டத்தான் எடுக்கணும்."

என்னிடம் இருந்த மூன்று வகை அடிட்டிவ்களில் கெட்டியானதை எடுத்துக் கொடுத்தேன். கெட்டியான திரவம் சத்தத்தை அமுக்கும். சத்தத்துக்குக் காரணமானதை ஒன்றும் செய்யாது. வண்டி எங்கே ஓடுகிறது, எப்படிப் பாரம் ஏற்றுகிறார்கள் என்று ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை. பத்து நிமிடம் பாடம் மட்டும் நடத்தினேன். பதினைந்து நாள் கழித்து வந்து, "சத்தமே இல்ல சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் மச்சானோடு வந்தார். மச்சான் கையில் ஒரு தண்ணீர் பாட்டில். அதில் பால் கலந்த டீயைப் போல ஏதோ இருந்தது.

"கூட்டுலேர்ந்து கொஞ்சம் எறக்கிக் கொண்டாந்தேன் சார். தண்ணி ஏறியிருக்கு" என்றார் மச்சான். "எங்க பக்கம் கடல்ல ஆழமில்ல. படகு கரைக்கு வராது. வண்டியத்தான் ரிவர்ஸ்ல தண்ணிக்குள்ள விட்டு மீன ஏத்துவாங்க. ஓடி வந்த சூட்டோட எறக்குறாரு. கூட்டுக்கு மேல காத்துப் போக இருக்க ப்ரீதர் ஓட்ட வழியா கடல உறிஞ்சிக்கிருது. மொத்தமா மாத்திட்டு, ப்ரீதருக்கு ஒரு ஹோஸ் மாட்டி ஒசரத் தூக்கிக் கட்டிட்டா முடிஞ்சுது. ஒரு மணி நேர வேல."

சூடான காற்று குளிர்ந்தால் சுருங்கும். சுருங்கினால் வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். முதலாமாண்டு மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் நான் கரும்பலகையில் எழுதிப் போட்டதுதான் அது. அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. இதை மறைக்க நான் விரும்பவில்லை: புரியாமல் செய்த தவறு அல்ல.

ஆனால் கடையில் இன்னும் நாலு பேர் நின்றார்கள்.

"அது அடிட்டிவோட நிறம். எமல்ஷன்னு பேரு" என்றேன். "நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது சார். ஆனா கடத்தண்ணி எனக்குத் தெரியும். நாக்குல ஒரு சொட்டு வச்சுப் பாருங்க, உப்புக் கரிக்கும்." பாட்டிலை நீட்டினார்.

"நக்கிப் பாக்குற வைத்தியத்தையெல்லாம் ஒங்க பட்டறையோட வச்சுக்கங்க."

நாலு பேரும் சிரித்தார்கள். வண்டிக்காரரும் சிரித்தார். "விடுங்க மச்சான், சாரு புரொபசரு. நீங்க வேற பாட்டிலத் தூக்கிக்கிட்டு வந்து..." என்றவர், இன்னொரு அடிட்டிவ் வாங்கிக்கொண்டு போனார். மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் தாங்கியது. அறந்தாங்கியைத் தாண்டி வரும்போது பின் சக்கரங்கள் இறுகி நின்று, வண்டி சாலையை விட்டு இறங்கிக் கருவேல மரங்களுக்குள் சாய்ந்தது. அவருக்குச் சிராய்ப்புதான். அச்சு முறிந்து, அடிச்சட்டம் வளைந்து, வண்டி இனி ஓடாது என்று ஆயிற்று.

மறுநாள் கடைக்கு வந்தார். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, "மச்சான் அன்னைக்கு கூட்டுக்கு அடியில இருக்க ப்ளக்கக் கழட்டி ஆயில் எடுத்தாருல்ல சார், திருப்பிச் சரியா முடுக்காம விட்டுட்டாரு போலருக்கு. ஒழுகிப் போயிருக்கும். அப்படித்தான சார்?" என்று கேட்டார்.

"இருக்கலாம்" என்றேன்.

என் வாழ்நாளில் நான் பேசிய சொற்களில் இதைவிடக் கேவலமான ஒன்று இல்லை. பொய் சொல்லும் தைரியம்கூட இல்லாத ஒருவனுடைய சொல் அது. இரண்டு மாதத்தில் அவர் திரும்பவும் விமானம் ஏறினார். போகும்போது மச்சானிடம் சொல்லிக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அதோடு கடையை மூடிவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மணமேல்குடிக்குப் பேருந்தில் போனேன். மச்சான் ஒரு டிராக்டருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். நடந்ததை, அன்றைக்கே எனக்குப் புரிந்ததையும் சேர்த்து, சொன்னேன்.

"எனக்குத் தெரியுமே சார். ஒங்க மூஞ்சியப் பாத்தப்பவே தெரியும்" என்றார். "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? எந்தங்கச்சி எங்க வீட்டு வாசல மிதிச்சு ஒன்றர வருசமாச்சு. அவருக்குப் போன் போடுங்க. என் நம்பர்ல போட்டா எடுக்க மாட்டாரு, ஒங்க போன்லயே போடுங்க."

போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "சார்! நல்லாருக்கீங்களா? ஒடம்பு எப்படி இருக்கு?" என்று அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டார். அந்தச் சந்தோஷத்தின் மேல்தான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

"அப்ப மச்சான் ப்ளக்கச் சரியாத்தான் போட்ருக்காரு?"

"ஆமாங்க."

"அவரு பக்கத்துல இருக்காரா சார்?"

போனை நீட்டினேன். மச்சான் பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, அங்கிட்டுத் திரும்பி நின்று பேசினார். "ம்... அட, விடுங்க மாப்ள... அழுவாதீங்க... சாப்ட்டீங்களா?" நான் வெயிலில் நின்றேன். உட்காருங்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. கடைசியில் என் பக்கம் திரும்பிப் பார்த்து, "சாருட்டக் குடுக்கவா?" என்று போனில் கேட்டார்.

எதிர்ப்பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. மச்சான் அழைப்பைத் துண்டித்து, போனை என் கையில் வைத்துவிட்டு, டிராக்டருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.