வெடிகுண்டில் பங்கு கேட்டவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி வீட்டு வாசலில் ஒரு மூட்டை உப்பு வந்து இறங்கியது.

ஒரு கிலோ, இரண்டு கிலோ இல்லை. முழு மூட்டை! மினி லாரி டிரைவர், “அஞ்சலைக்கா குடுக்கச் சொல்லிச்சு” என்று இறக்கிப் போட்டுவிட்டுப் போயே போய்விட்டார்.

மரக்காணத்தில் உப்பு வருவதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அதிசயம்தான். அந்த வீட்டில் உப்புக்குத் தடை. தம்பி மனைவி கலாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் இரண்டு நாள் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். உப்பு என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் மிரட்டி வைத்திருக்கிறார். அவளுக்காக மொத்தக் குடும்பமும் உப்பில்லாமல் சாப்பிடுகிறது. விருந்தாளியாகப் போகும் எனக்கும் அதே கதிதான். சாம்பார் வாயில் வைக்க விளங்காது... ஆனால் வாயைத் திறக்க முடியுமா?

சரி, மூட்டைக் கதைக்கு வருகிறேன்.

என் தம்பி செல்வம் போலீஸ் உளவுப் பிரிவில் எஸ்.ஐ. (அவன் நிஜப் பெயர் அது இல்லை. பெயர் எதுவும் எழுதமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் எழுத விட்டிருக்கிறான்.) அவனைத் தெற்குக் கோடியில் ஒரு ஊருக்கு மாற்றப்போவதாகப் பேச்சு. அங்கே டயாலிசிஸுக்குப் போகவே அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும். கலாவின் உடம்பு தாங்குமா? தம்பி அதிகாரியிடம் போய்க் கெஞ்சினான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். “எக்சர்சைஸ் முடியட்டும். உங்க ஏரியா எப்படிப் பண்ணுதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்” என்றாராம்.

எக்சர்சைஸ் என்றால்? போர் விளையாட்டு. நிஜமாகவே ஓர் ஆபத்து கடல் வழியாக வந்தால் நம் உளவுக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று விளையாடிப் பார்ப்பது. சிவப்பு அணிதான் ‘எதிரி’. வெளியூரிலிருந்து வந்த இளம் போலீஸ்காரர்கள். மஃப்டியில் படகில் வந்து இறங்கி, ‘வெடிகுண்டு’ என்று பெயர் வைத்த ஒரு பெட்டியைக் கடலோரச் சமுதாயக் கூடத்துக்குள் வைத்துவிட்டால் அவர்களுக்கு ஜெயம். அதற்குள் தோளில் கை வைத்துப் பிடித்தால் நமக்கு ஜெயம். பிடிபடும்வரை தாங்கள் யாரென்று அவர்கள் வாயைத் திறக்கக்கூடாது. ஊர் மக்களுக்கும் எதுவும் தெரியக்கூடாது.

வேடிக்கை பார்க்க எனக்கும் அனுமதி கிடைத்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் கன்ட்ரோல் ரூம். மணமக்கள் உட்காரும் மேடையில் பெரிய வரைபடம், குண்டூசிகள், வயர்லெஸ். ஓரமாக நடுவர் — ரிட்டயர்டு அதிகாரி, மூக்கு நுனியில் கண்ணாடி. அவர் பக்கத்தில் தம்பி கெஞ்சிய அதே அதிகாரி. இந்தப் பக்கம் என் தம்பி, கலாவின் மருந்துச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு.

காலை முழுக்க வயர்லெஸ் ‘கர் கர்’ என்றதே தவிர, ஒரு தகவல் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கார் விடாமல் சோதனை. கோட்டக்குப்பம் பக்கமிருந்து கல்யாணத்துக்கு வந்த வேனைக்கூட விடவில்லை. பிரியாணி அண்டாவைத் திறந்து பார்த்துவிட்டு, நல்ல வாசனை என்று ரிப்போர்ட் வந்தது!

அப்போது செல்வத்துக்கு ஒரு போன். பஞ்சாயத்துத் தலைவர்.

“சார், இங்க பெரிய ரகளையாக்கீது. ரிலீஃப் கொண்டாந்த பசங்கள உப்பளத்துப் பொம்பளைங்க வளைச்சிக்கினாங்க. குப்பத்து ஆளுங்களும் வந்துட்டாங்க. கைகலப்பாயிடும் போலக்கீது. சீக்கிரம் வாங்க!”

சுனாமி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தக் கரையில் நிவாரணம் என்றாலே நெருப்புதான். செல்வம் எழுந்தான்.

அதிகாரி முறைத்தார். “கேம் நடந்துக்கிட்டிருக்கு, செல்வம். இப்ப இடத்தை விட்டு நகர்ந்தீங்கன்னா அப்புறம் நான் பொறுப்பில்லை.”

உட்காருடா பாவி என்று கண்ணாலேயே கெஞ்சினேன். பார்த்தானா? “சார், இது விளையாட்டு. அங்க நிஜமாவே அடிச்சுக்குவாங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். இவனைத் தனியாக விட்டால் இன்னும் என்னென்ன பேசுவானோ என்று நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் திட்டினேன். “கலாவ நெனச்சியாடா?” என்றேன். “அவள நெனச்சாதான்க்கா பயமாக்கீது. அதான் நெனைக்கல” என்றான்.

உப்பளத்து நடுவே வண்டிப் பாதை. அதில் ஒரு மரப்பெட்டி. அதன்மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார் ஓர் அம்மாள். முட்டிவரை உப்புப் பூத்த கால், கையில் உப்பு வாரும் பலகை. அவர்தான் அஞ்சலை. சுற்றிலும் பத்துப் பதினைந்து பெண்கள். நடுவில் இரண்டு இளைஞர்கள், திருவிழாவில் தொலைந்தவர்கள் மாதிரி முழித்துக்கொண்டு. எதிரே மீனவக் குப்பத்துப் பெண்கள். படகில் வந்தவர்களை நிவாரணக்காரர்கள் என்று நினைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பெட்டியைத் தூக்கக் கைகொடுத்து, கூடத்துக்கு வழிகாட்டிக்கொண்டு வந்தவர்களே அவர்கள்தான்!

“தோ பாரு சார்” என்று அஞ்சலை ஆரம்பித்தார். “போட்டு வந்துச்சு, வலை வந்துச்சு, பாத்திரம் வந்துச்சு. அல்லாம் குப்பத்துக்கே போச்சு. எங்க பாத்தியும்தான் சேறாப் போச்சு. ஒரு சீசனே பாழு. எங்களுக்கு இன்னா குடுத்தீங்க? இன்னிக்கி பங்கு பிரிக்காம பொட்டி நகராது. ஆமா!”

ஓர் இளைஞன் அழாத குறையாக, “அம்மா, இதுல ஒண்ணுமே இல்லம்மா” என்றான்.

“ஒண்ணும் இல்லாத பொட்டியதான் ரெண்டு ஆம்பள மூச்சு வாங்கத் தூக்கினு வந்தீங்களா?”

குப்பத்துப் பெண்களில் ஒருத்தி சமாதானத்துக்கு வந்தாள். “சரி வுடுப்பா, பாதி இவங்களுக்குக் குடுத்துடு. பாதி எங்களுக்கு.”

செல்வம் அந்த இளைஞர்களின் தலையைப் பார்த்தான். ஒட்ட வெட்டிய போலீஸ் கிராப். பெட்டியைப் பார்த்தான். அது போகவிருந்த கூடத்தைப் பார்த்தான். மெதுவாக ஒருவன் தோளில் கையை வைத்தான்.

“தம்பி... நீ சிவப்பா?”

“ஆமா சார். புடிச்சிட்டீங்க சார். எங்கள இங்கேர்ந்து கூட்டிட்டுப் போயிடுங்க சார்!”

எதிரி இவ்வளவு சந்தோஷமாகச் சரணடைந்து நான் கேள்விப்பட்டதில்லை.

மண்டபத்துக்குப் பெட்டி போனது. பின்னாலேயே அஞ்சலை கோஷ்டியும் டிராக்டரில் வந்தது. பங்கு வராமல் விடுவார்களா? நடுவரே பெட்டியைத் திறந்தார்.

உள்ளே உப்பு.

கனத்துக்காகக் காலையில் படகு ஏறுமுன் ரோட்டோரக் கடையில் வாங்கி நிரப்பினார்களாம். அஞ்சலை ஒரு கை அள்ளிப் பார்த்தார். “அடப் பாவிங்களா! நாங்க வாரின உப்ப எங்களுக்கே குடுக்க வந்தீங்களா?” வயர்லெஸ்காரர் உட்பட மண்டபமே சிரித்தது. சிரிக்காதவர் அதிகாரி ஒருவர்தான்.

“சொல்லுங்க செல்வம். உங்களுக்குத் தகவல் குடுத்தது யாரு?”

ஒரு பொய் போதும். ‘ரகசியத் தகவல் சார்’ என்று சொன்னால் கைதட்டல், டிரான்ஸ்ஃபர் ரத்து, கலா பிழைத்தாள். சொல்லேண்டா!

“யாரும் குடுக்கல சார். எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தம்மா பங்கு கேட்டு மறிச்சாங்க. இல்லன்னா குண்டு கூடத்துக்குள்ள போயிருக்கும்.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாம் போச்சு.

நடுவரின் குரல்தான் முதலில் கேட்டது. “இதைத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவு செலவு பண்ணி விளையாடறோம். ஒளிஞ்சு வர்றவனைத் தேடினோம். குடுக்கிற மாதிரி வர்றவனை யாரும் தேடல. ஜெயிச்சோம்னு பொய் சொல்லியிருந்தா, நாளைக்கு நிஜமா வரும்போது தோத்திருப்போம்.” அப்புறம் அதிகாரி பக்கம் திரும்பினார். “இந்த ஏரியாவில் யாருக்கு எந்தச் சண்டை பெரிசுன்னு தெரிஞ்ச ஆளு இவர். இவரை மாத்தப்போறதாக் கேள்விப்பட்டேன். எதுக்கு?”

தம்பி மரக்காணத்திலேயே இருக்கிறான். கலா வாரம் இரண்டு நாள் புதுச்சேரிக்குப் போய்வருகிறாள். நடுவர் தன் ரிப்போர்ட்டில் இன்னொன்றும் எழுதினாராம்: நிவாரணத்தில் உப்பளக்காரர்களைச் சேர்க்காமல் விட்டது பாதுகாப்புக்கே ஆபத்து என்று. மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்களுக்கு, ஒரு விளையாட்டு வழியாகப் போன மாதம் தார்ப்பாயும் பாத்திரமும் வந்து சேர்ந்தன. அதற்கு நன்றியாகத்தான் அந்த மூட்டை.

யார் யாருக்கு நன்றி சொல்வது? தம்பி உண்மையைச் சொல்லாமல் போயிருந்தால் அஞ்சலைக்குப் பாத்திரம் இல்லை. அஞ்சலைக்கு வாய் இல்லாமல் போயிருந்தால் எங்களுக்குக் கலா இல்லை. கோயிலில் கும்பிடுவதுபோல அந்த மூட்டையைப் பார்த்து நான் கைகூப்பினேன். வெட்கமில்லாமல் அழவும் செய்தேன்.

பிறகு புத்தி வந்து, “டாக்டர் பார்த்தா கொன்னுடுவாரு. யாருக்காவது குடுத்துடலாம்” என்றேன்.

கலா மூட்டைமேல் கையை வைத்துக்கொண்டாள். “அதெல்லாம் குடுக்கக்கூடாது அண்ணி. டாக்டர் திங்கத்தான் கூடாதுன்னாரு... வீட்ல வெச்சுக்கக் கூடாதுன்னு சொல்லலியே!”