மாலைக்கு இடம் விட்ட படம்

உயிரோடு எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு மாலை போட இடம் விட்டு வரையச் சொன்ன ஆள், என் இத்தனை வருஷத் தொழிலில் ஒருவர்தான். என்னிடம் படித்துவிட்டு போர்ட்ரெயிட் வரையக் கிளம்பும் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

1. இரண்டு பக்கமும் கையகலம்

அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வைத்திருந்தார். என் படங்களை மொத்தமாக வாங்குவார், கண்காட்சியும் வைத்துக் கொடுப்பார். நான் சோறு தின்றதே அவர் தயவில்தான். தன் மனைவி கல்யாணியை வரைய வேண்டும் என்று திருவேற்காட்டு வீட்டுக்கு அழைத்தார்.

ஸ்கெட்ச் போடும்போது பின்னால் வந்து நின்றார்.

"டீச்சர், முகத்தைக் கொஞ்சம் சின்னதாக்குங்க. ரெண்டு பக்கமும் கையகலம் விடுங்க. மாலை போட்டா காது மறைஞ்சிடும்."

இறந்தவர் படத்துக்குத்தான் அப்படி இடம் விடுவோம். தமாஷ் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு சிட்டிங்கிலும் அவரே பாலும் மாத்திரையும் கொண்டுவந்து கொடுத்தார். நாளுக்கு நாள் கல்யாணிக்குக் கண் சொருகியது.

2. முகம் வரவில்லை

ஒரு நாள் போன் பேச அவர் தோட்டத்துக்குப் போனார். கல்யாணி உதடு அசையாமல் பேசினார்.

"சீக்கிரம் முடிச்சிடாதீங்க டீச்சர். படம் ரெடியாகட்டும்னு காத்துக்கிட்டு இருக்காரு."

"போலீசுக்குப் போலாமாம்மா?"

"எனக்குப் புத்தி சரியில்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரு. யார் நம்புவாங்க? வேப்பம்பட்டு ஸ்டேஷன் எதிர்ல என் தம்பி கோபி மொபைல் கடை வச்சிருக்கான். அவன்கிட்ட சொல்லுங்க."

மறுநாளே ரயிலேறினேன். கோபிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இன்னா டீச்சர் சொல்றீங்கோ? அக்கா யாரையும் பாக்கமாட்டேன்னு சொல்லிச்சுன்னு மாமா சொல்லிக்கினு கீறாரே!"

அக்காவை வெளியே கொண்டுவர அவன் ஏற்பாடு செய்யும்வரை, வரைந்த முகத்தைத் தினமும் டர்பன்டைன் போட்டுத் துடைத்தேன். "முகம் வரல சார்" என்பேன்.

"உங்க கை இவ்ளோ மெதுவா போய் நான் பாத்ததில்லையே," என்றார் ஒரு நாள், ரொம்ப மென்மையாக. சத்தம் போட்டிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

3. அத்தை ஊற்றும் தண்ணீர்

கோபி ஒரு வேன் நிறையப் பெண்களோடும் தட்டுகளோடும் வந்து இறங்கினான். தெருவே வேடிக்கை பார்த்தது.

"மாமா, என் பாப்பா பெரிய மனுசி ஆயிட்டா! அத்தை தண்ணி ஊத்தாம எப்டி?"

கோபியின் மகள் பாப்பாவுக்குப் பத்து வயதுதான். அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் பெண்கள் அதற்குள் கல்யாணியின் நெற்றியில் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் கைத்தாங்கலாகப் பிடித்து, வேனில் ஏற்றிவிட்டார்கள். அத்தனை பேர் எதிரில் கணவரால் தடுக்க முடியவில்லை. வேன் போய்விட்டது. அந்த வீட்டில் அவரும் நானும் மட்டும் நின்றோம்.

"முகம் மட்டும்தானே பாக்கி? போட்டோ பாத்து முடிச்சிடுங்க."

"ஆள் இல்லாம வராது சார்."

"அப்ப வேற ஆள் உக்காரட்டும். கான்வாஸ் வீணாகக் கூடாது பாருங்க," என்றார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரஷ், ஈசல் ஸ்டாண்டு, செருப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு கேட்டைப் பார்த்து நடந்தேன். ஓடினால் துரத்துவாரோ என்று பயம். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

கல்யாணி இன்று தம்பி வீட்டில் நன்றாக இருக்கிறார். எனக்கோ இன்றும் காலிங் பெல் அடித்தால் ஜன்னலில் பார்த்துவிட்டுத்தான் கதவு. ஒரு வழக்கத்தை மட்டும் விடவே இல்லை. பணம் தருபவரை வெளியே அனுப்பிவிட்டு, உட்காருபவரிடம் கேட்பேன்: "இந்தப் படம் உங்களுக்கு வேணுமா?" தலையாட்டினால் பென்சில் எடுக்க மாட்டேன். வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.