‘வாங்க’ என்றொரு ஷரத்து

திருப்பூர் நல்லூரில் நான் இப்போது குடியிருக்கும் தெருவில், எதிர்வீட்டின் கீழ்த்தளத்தைச் சென்ற மாதம் யாரோ வாடகைக்கு எடுத்து, பத்துத் தையல் மெஷின்களும் ஓர் இஸ்திரி மேசையும் போட்டிருக்கிறார்கள். காலையில் நான் பேப்பரோடு உட்காரும் நேரத்துக்குச் சரியாக அவர்களுடைய நீராவி இஸ்திரிப் பெட்டி மூச்சுவிடத் தொடங்கும். ஈரப் பருத்தி சூடாகும்போது ஒரு வாசனை வரும். சோறு வடிக்கும் வாசனைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும். தெருவில் மற்றவர்களுக்கு அது பனியன் வாசனை. எனக்கு அது அலுவலக வாசனை.

தொழிலாளர் துறையில் நான் சமரச அலுவலராக இருந்த வருஷங்களில் என் அறைக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த வாசனையோடுதான் வந்தார்கள். முதலாளியின் வெள்ளைச் சட்டையிலும் அது இருக்கும், எதிரே உட்காரும் டெய்லரின் சட்டையிலும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டால் யார் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது.

அது என்ன உத்தியோகம் என்று என் மாமனார் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். ஜட்ஜா என்பார், இல்லை என்பேன். தீர்ப்பாவது சொல்வீர்களா என்பார், அதுவும் கிடையாது என்பேன். இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்கள் கத்தி ஓயும்வரை காத்திருந்து, எந்த இடத்தில் ஒத்துப்போகிறார்களோ அதை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அவ்வளவுதான். “கேக்கறதுக்கா சம்பளம்?” என்றார் ஒருமுறை. அதற்குத்தான். பாதி நாள் அதைக்கூட நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

நான் கோவில்பட்டிப் பக்கத்து ஆள். எங்களூரில் பிரியம் கூடக்கூட மரியாதை குறையும். திருப்பூருக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம், டவுன் பஸ்ஸில் ஒருவர் என் காலை நன்றாக மிதித்துவிட்டு, “ஏனுங்க, காலக் கொஞ்சம் உள்ள வெச்சுக்கறீங்களாங்க” என்றார். வலியை மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பணிவாகப் பேசுகிற ஊரில் எனக்கு வேலையே இருக்காது என்று அன்று மனைவிக்குக் கடிதம் எழுதினேன். நாலு வருஷம் கழித்து அந்த ‘ங்க’வே ஒரு தகராறாக என் மேசைக்கு வந்தது.

கொண்டுவந்தவர் எஸ்தர். மண்ணரைப் பகுதியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, தையல் விட்டதையும் கறை பட்டதையும் ஒதுக்குகிற வேலை. பதினான்கு வருஷ சர்வீஸ். முதலாளி பெயர் குமாரசாமி. இருவருக்கும் சொந்த ஊர் வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரே ஊர்தான். குமாரசாமியுடைய அப்பாவின் தோட்டத்தில் எஸ்தரின் அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் வேலை செய்தவர்கள். குமாரசாமி விவசாயத்தை விட்டுவிட்டு இரண்டு மெஷினோடு திருப்பூருக்கு வந்தபோது, கூட வந்த முதல் ஆட்களில் எஸ்தரும் ஒருவர்.

நடந்தது இதுதான். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் ஒருவர் கம்பெனியைப் பார்க்க வந்திருந்தார். எல்லோரும் நின்றுகொண்டிருந்த நேரத்தில் குமாரசாமி ஹாலின் அந்தக் கோடியிலிருந்து, “ஏ எஸ்தரு, இங்க வாடி” என்று கூப்பிட்டார். பதினான்கு வருஷமாக அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்று எஸ்தர் எழவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார். “வாங்கன்னு கூப்புடுங்க, வர்றனுங்க” என்றார் எஸ்தர், உட்கார்ந்த இடத்திலிருந்தே. குமாரசாமி அவரை வெளியே போகச் சொன்னார். போனார். அவருக்குப் பின்னால் செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் இருந்த நாற்பது பெண்களும் எழுந்து போய் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டார்கள். ஷிப்மென்ட் நின்றது.

மூன்றாம் நாள் மனு வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் இரண்டே கோரிக்கைகள். எஸ்தரைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும். எங்களை வா, போ என்று கூப்பிடாமல் வாங்க, போங்க என்று கூப்பிட வேண்டும். என் மேலதிகாரி வாசித்துப் பார்த்துவிட்டு, இரண்டாவதை எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவில் கொண்டுபோய் வைப்பாய் என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

முதல் விசாரணையன்று எஸ்தர் நீலச் சேலை கட்டி, தலையைப் படிய வாரி, பள்ளிக்கூட ஆசிரியை மாதிரி வந்து நின்றார். குமாரசாமி அதற்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பேனாவைத் திறந்து, “என்னம்மா, என்ன பிரச்சினை, சொல்லு” என்றேன். எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வாய் திறக்கவில்லை. சத்தத்தில் காது மந்தமாகியிருக்கும் என்று நினைத்து, இன்னும் உரக்க அதையே சொன்னேன். மெஷின் சத்தத்தில் பலருக்கு அப்படி ஆகும். என் புத்தி அந்த அளவுக்குத்தான் வேலை செய்தது.

குமாரசாமிதான் பேசினார். மோசமான மனிதர் இல்லை. எஸ்தரின் அப்பா நோயில் படுத்தபோது ஆஸ்பத்திரிக்குத் தன் காரில் ஏற்றிப்போனவர். “எங்க ஊட்டுப் புள்ள மாதிரிங்க சார் அது. ஊட்டுப் புள்ளைய யாராச்சும் வாங்கன்னு கூப்புடுவாங்களா?” என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. எங்களூர் வழக்கப்படி யோசித்தால் அது பிரியம்தானே. தலையாட்டிக்கொண்டே அதைக் குறிப்பில் எழுதத் தொடங்கினேன்.

அப்போதுதான் எஸ்தர் வாய் திறந்தார். குரல் உயரவே இல்லை.

“அவிய பேத்திக்கு மூணு வயசுங்க சார். கம்பெனிக்கு வந்தா ‘வாங்க கண்ணு, உக்காருங்க கண்ணு’ன்னுதான் கூப்புடறாருங்க. ஊட்டுப் புள்ள மாதிரின்னா, என்னையும் அப்படிக் கூப்புடச் சொல்லுங்க.”

என் பேனா நின்றது. இந்த ஊரில் குழந்தைக்கும் ‘ங்க’ உண்டு என்பது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் தன் நாயைக்கூட மரியாதையாக அதட்டுவார். நாலு வருஷமாக அதைக் கேட்டு ரசித்தவன், அது யாருக்கெல்லாம் போடப்படவில்லை என்று ஒரு நாளும் கவனித்ததில்லை. எஸ்தர் தொடர்ந்து, “நீங்களும் ‘சொல்லு’ன்னுதான் சொன்னீங்க” என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைப் பதிவு செய்வது போலச் சொன்னார். உட்காருங்கள் என்றேன். அதுவரை அவர் நின்றுகொண்டிருந்ததும் அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

இரண்டாவது விசாரணைக்குள் குமாரசாமி நிறைய இறங்கி வந்திருந்தார். ஷிப்மென்ட் கழுத்தைப் பிடித்தது. எஸ்தரை எடுத்துக்கொள்கிறேன், சூப்பர்வைசராகவே போடுகிறேன், தனி ரூம் தருகிறேன் என்றார். அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிடச் சொன்னார். அவரைத் தனியாக வெளியே அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன். எங்கள் உத்தியோகத்தில் பாதித் தகராறு டீக்கடையில்தான் தீரும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “நாக்கு வரமாட்டீங்குதுங்க சார்” என்றார். “தோட்டத்துல எங்கய்யன் இன்னும் உசுரோட இருக்காருங்க. ஊர்ல அவரு காதுல உழுந்தா நான் எப்படிப் போயி நிக்கறது?”

இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒரு முதலாளி என்னிடம் சொன்ன மிக உண்மையான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் கெட்டிக்காரன் இல்லையா, உடனே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒப்பந்தத்தின் மூன்றாவது ஷரத்தாக, ‘ஆலை வளாகத்துக்குள் தொழிலாளர்களை மரியாதைப் பன்மையில் அழைப்பதென நிர்வாகம் ஒப்புக்கொள்கிறது’ என்று எழுதினேன். ஊரில் என்ன செய்தாலும் அது ஒப்பந்தத்துக்கு வெளியே. குமாரசாமி பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். எஸ்தர் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு கேட்டார்.

“கேட்டுக்கு வெளிய நான் யாருங்க சார்?”

எஸ்தர் ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே வெயிலில் அந்த நாற்பது பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். கூலியில்லாமல் கம்பெனி வாசலில் உட்கார்ந்து அன்றோடு பதினோரு நாள். பேனாவை வாங்கித் தெளிவான கையெழுத்தில் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மேலதிகாரி என்னைப் பாராட்டினார். நானும் கொஞ்ச நாள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறதா என்று பார்ப்பதும் எங்கள் வேலைதான். மூன்று மாதம் கழித்துப் போனேன். எஸ்தர் செக்கிங் மேசையில் இருந்தார். எப்படிப் போகிறது என்று கேட்டேன். இந்த முறை ‘சொல்லுங்க’ என்றுதான் கேட்டேன். “கூப்புடறதே இல்லீங்க” என்றார். குமாரசாமி அவரை ‘வா’ என்றும் சொல்லவில்லை, ‘வாங்க’ என்றும் சொல்லவில்லை. வேண்டியதை வேறு யாரிடமாவது சொல்லியனுப்பினார். எதிரே வந்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். ஷரத்து மீறப்படவில்லை. மீறப்படவில்லை என்றே அறிக்கை எழுதினேன்.

அதற்கும் ஓரிரு மாதம் கழித்து, பழைய பஸ் ஸ்டாண்டில் எஸ்தரைத் தற்செயலாகச் சந்தித்தேன். கையில் பை நிறையக் காய்கறி. அவரே வந்து பேசினார். முந்தின வாரம் குமாரசாமி கூப்பிட்டாராம். ஒரு லாட் துணியில் கலர் மாறியிருந்தது, பார்க்கத் தெரிந்தவர் எஸ்தர் ஒருவர்தான், சொல்லியனுப்ப அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. நாலடி தூரத்தில் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘எஸ்தரு, இதக் கொஞ்சம் பாருங்க’ என்றிருக்கிறார்.

“எம் பேருதான் காதுல உழுந்துச்சுங்க. ஆனா ‘பாருங்க’ன்னதும், எனக்குப் பின்னால வேற யாரோ எஸ்தரு நிக்கறாங்களோன்னு திரும்பிப் பாத்தனுங்க” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையாகவும் இருக்கலாம். அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது.

அப்புறம் நான் சேலத்துக்கு மாற்றலாகிப் போனேன். ஓய்வுபெற்ற பிறகு மகனோடு இந்த ஊருக்கே திரும்பி வந்தேன். எஸ்தர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. குமாரசாமி கம்பெனியை விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். அந்த இடத்தில் இப்போது ஐந்து மாடியில் வேறொரு பனியன் கம்பெனி நிற்கிறது. பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்த பையன்களும் பெண்களும் வேலை செய்கிறார்கள். மகனுக்குத் தெரிந்தவர் ஒருவர் அங்கே மேனேஜர். ஒருநாள் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். சுத்தமான ஹால், நல்ல வெளிச்சம், எல்லோருக்கும் முதுகு சாய்கிற நாற்காலி. ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்னத் திரை. யாராவது தேவைப்பட்டால் அவர் மேசையின் எண் திரையில் சிவப்பாக ஒளிர்கிறது. எண்ணுக்குரியவர் எழுந்து போகிறார்.

தகராறு ஏதும் வருவதில்லையா என்று மேனேஜரைக் கேட்டேன். “ஒண்ணும் இல்லீங்க சார்” என்றார். உண்மைதான். நான் அங்கே இருந்த ஒரு மணி நேரத்தில் ஒருவர் பெயரும் என் காதில் விழவில்லை.