தெற்குப் பக்கத்துக்குத் திரை வேண்டாம்

சிட்னியின் புறநகரான நார்த்மீட்டில் நாங்கள் வீடு வாங்கியது எழுபதுகளின் நடுவில். சமைக்கிற குசினியின் கதவைத் திறந்தால் பின்னால் சீமெந்து போட்ட ஒரு முற்றம். மேல் கூரை இல்லை. மேற்குப் பார்த்த முற்றம் என்பதால் கோடைப் பின்னேரங்களில் அங்கே வெறுங்காலுடன் நிற்க முடியாது. ஆனாலும் எனக்கு அந்த முற்றம் வேண்டியிருந்தது. பக்கத்து ஊரான பரமட்டாவில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில், ஜன்னல் இல்லாத அறையில் பகலெல்லாம் வேலை. வீட்டுக்கு வந்தால் வெளிக்காற்று வேண்டும். மீன் பொரித்தால் வீட்டுக்குள் விரித்த கம்பளத்தில் மணம் நாட்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், சின்ன காஸ் அடுப்பு ஒன்றையும் வெளியே வைத்துக்கொண்டேன்.

தெற்குப் பக்கத்து வேலி இடுப்பளவு உயரம்தான். அதற்கு அப்பால் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரரும் மனைவியும் இருந்தார்கள். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் குடிவந்த அன்று அந்தப் பெண் கேக் கொண்டுவந்து தந்தார். ஆனால் நான் அடுப்பைப் பற்றவைத்தால் அவர்கள் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்கும்.

வெயிலுக்கு முற்றத்தில் படங்கு போடுவதென்று முடிவெடுத்தோம். சுவரில் பொருத்திய இரும்புக் கைகளில் கன்வஸ் துணி மாட்டியிருக்கும். வேண்டும்போது விரித்து, வேண்டாதபோது சுருட்டிவிடலாம். இங்கே அதை ஓனிங் என்பார்கள். அந்தச் செய்தி எப்படியோ வேலியைத் தாண்டிவிட்டது. ஒரு சனிக்கிழமை என் கணவர் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வந்து பேசினார். இருவரும் கைகுலுக்கியதைக் குசினியிலிருந்து பார்த்தேன். கணவர் மிக நிம்மதியாக உள்ளே வந்தார்.

“நல்ல மனுசன். கடும் பச்சை எடுக்கச் சொல்லுறார். இந்த றோட்டிலை எல்லாரும் அதுதானாம். தங்கடை பக்கத்துக்கு நிலம்வரைக்கும் தொங்குற திரை ஒண்டும் போட்டால் எங்களுக்கும் மறைப்பா இருக்குமாம்.”

“எங்களுக்கு மறைப்போ, அவையளுக்கு மறைப்போ?”

“ஏனப்பா கொளுவுறீர்? வந்த இடத்திலை சத்தமில்லாமல் இருந்திட்டுப் போவம்.”

‘போவம்’ என்ற சொல்தான் என்னைச் சுட்டது. எங்கே போவது? வீடு வாங்கியாயிற்று. எலுமிச்சைக் கன்று நட்டாயிற்று. என் சொந்த முற்றத்தில் நான் ஏன் ஒளிந்து நின்று சமைக்க வேண்டும்?

அடுத்த வாரம் படங்குக் கடைக்காரர் துணி மாதிரிகளோடு வந்தார். மாதிரிப் புத்தகத்தை என் கணவர் முன்னால் விரித்தார். கேள்விகளெல்லாம் அவரிடமே. எனக்குக் கிடைத்தது தேநீருக்கான ஒரு புன்னகை மட்டும். கணவர் கடும் பச்சையைக் காட்டினார். பிறகு முற்றத்துக்குப் போய், திரை வர வேண்டிய இடம் என்று தெற்குப் பக்கத்தைக் காட்டினார்.

கடைக்காரர் அளவு நாடாவைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்தார். “இந்தப் பக்கத்திலிருந்து வெயில் வராதே? மேற்குக்கல்லவா உங்களுக்குத் திரை வேண்டும்?”

கணவர் செருமினார். “பக்கத்து வீட்டார் விரும்புகிறார்கள்.”

நான் தேநீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். ஆய்வுகூடத்தில் பேசும் அதே ஆங்கிலத்தில், அதே குரலில் சொன்னேன்: “அவர்களுக்கு எங்களைப் பார்க்க விருப்பமில்லை. அதற்காகத்தான் அந்தத் திரை. எனக்கு அது வேண்டாம். மேற்குக்கு மட்டும் போடுங்கள்.”

கடைக்காரரின் காதுகள் சிவந்துபோயின. நான் மாதிரிப் புத்தகத்தை என் பக்கம் இழுத்துப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், சிவப்பும் வெள்ளையும் அகலக் கோடுகளாகப் போட்ட ஒரு துணி இருந்தது.

“அது இறைச்சிக்கடைக்காரர்கள் எடுப்பது. வீட்டுக்கு யாரும் எடுப்பதில்லை.”

“துணி உறுதியானதா?”

“இருப்பதிலேயே உறுதியானது.”

“அப்படியானால் இதுதான்.”

“கொஞ்சம் யோசியும்” என்றார் கணவர் தமிழில்.

“யோசிச்சிட்டன். பச்சை நீங்கள் தெரிஞ்செடுத்த நிறமெண்டால் நான் வாய் திறந்திருக்க மாட்டன். அது பக்கத்து வீட்டுக்காரர் தெரிஞ்செடுத்தது.”

உண்மையைச் சொன்னால் எனக்குச் சிவப்பு அவ்வளவு பிடிக்காது. ‘யாரும் எடுப்பதில்லை’ என்று கடைக்காரர் சொல்லாமல் இருந்திருந்தால் நீலத்தை எடுத்திருப்பேனோ என்னவோ.

படங்கை விரித்த முதல் பின்னேரம் சீமெந்துத் தரை, அடுப்பு, என் கைகள் எல்லாவற்றிலும் சிவப்பு ஒளி விழுந்தது. எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து நின்றார்.

“எங்கள் பக்கம் திரை போடவில்லையே?”

“உங்கள் பக்கத்திலிருந்து வெயில் வருவதில்லை.”

“நிறம் கொஞ்சம் பளிச்சென்று இருக்கிறது.”

“ஆமாம்.”

அவர் போகவில்லை. வேலியின் மேற்சட்டத்தைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: “அந்த மணம் என் மனைவிக்கு ஒத்துக்கொள்வதில்லை.”

கடைசியில் உண்மை வெளியே வந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: “இதை முதலிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாம். அடுப்பை அந்தக் கரைக்கு நகர்த்திவிடுகிறேன். ஆனால் நான் மறைந்திருக்க மாட்டேன்.”

அன்றைக்கே அடுப்பை வடக்குப் பக்கம் கொண்டுபோய் வைத்தேன். சில வாரங்கள் கழித்து அவர் தன் பக்கத்து வேலியில், ஆளுயரத்துக்கு மேல் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்தார். சுத்தியல் சத்தம் பின்னேரம் முழுக்கக் கேட்டது. வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மறைக்க விரும்புகிறவர் தன் காணியில், தன் ஆணியால், தானே மறைத்துக்கொள்ளட்டும். அந்த வேலையை எங்களைக்கொண்டு செய்விக்க அவரால் முடியவில்லை.

என் கணவர் கொஞ்சக் காலம் உள்ளேயே இருந்து சாப்பிட்டார். நான் கூப்பிடவில்லை. என் தட்டோடு வெளியே போய் இருந்தேன்.

அந்த ஜனவரி, அப்போது சிட்னியில் இருந்த எங்கள் தமிழ் ஆட்கள் சிலர் குடும்பமாக வந்தார்கள். எல்லாரும் படங்குக்குக் கீழே இருந்து சாப்பிட்டார்கள். அவர்களில் ஒருவர், எதற்கும் பயப்படுகிற மனிதர், மேலே பார்த்தபடி கணவரிடம் சொன்னார்: “அண்ணை, உந்தச் சிவப்பு கொஞ்சம் கூடிப்போச்சு. வெள்ளையள் என்ன நினைப்பினம்?”

கணவர் வாயிலிருந்ததை மென்று முடித்தார்.

“நினைக்கட்டும்” என்றார். “கதிரையை இஞ்சாலை இழுத்துப் போட்டு இரும். உம்மிலை வெயில் படுது.”

சோற்றுப் பாத்திரம் எடுக்க உள்ளே போய், குசினிக்குள் கொஞ்ச நேரம் தனியே நின்று சிரித்துக்கொண்டேன்.