எலாதோ என்றால் ஐஸ்கிரீம்

எலும்பு முறிவு வார்டில் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்த வீட்டில் அவள் கடைக்குட்டி. வார்டில் டாக்டர் முதல் லிஃப்ட்காரர் வரை எல்லாருக்கும் அக்கா. விரிப்பு மாற்றுவது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போவது அவள் வேலை. வாய் மட்டும் சும்மா இருக்காது. மயக்கத்தில் கிடப்பவரிடம்கூட ஊர்க்கதை பேசுவாள்.

ஒருநாள் துறைமுகத்திலிருந்து ஒரு மாலுமியைக் கொண்டுவந்தார்கள். கப்பல் ஏணியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டவர். சட்டைப்பையில் இருந்த போனும் நொறுங்கிவிட்டது. ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை தெரியாது. ஆப்பரேஷன் முடிந்த மறுநாள் மதியம், பெரியக்கா தலையணையைச் சரிசெய்யும்போது அவர் முனகினார்.

"எலாதோ... எலாதோ..."

அவள் உடனே மகளுக்குப் போன் போட்டாள். மகள் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஐஸ்கிரீம்மா. முன்னாடி ஒரு எழுத்து இருக்கு, ஆனா அதை வாசிக்க மாட்டாங்களாம்."

"வாசிக்காத எழுத்தை எதுக்கு எழுதறாங்க?"

"அதை அவர்கிட்டயே கேளு."

பாவம், ஊர்விட்டு ஊர் வந்து படுத்திருப்பவருக்கு வாய்க்கு ருசியாக ஏதோ வேண்டியிருக்கிறது என்று அவளுக்கு மனசு இளகியது. நர்ஸிடம் கேட்டாள். "தாராளமா குடுங்கக்கா" என்றார் நர்ஸ். கேன்டீனுக்கு ஓடிப்போய் ஒரு கப் வாங்கி வந்து நீட்டினாள். அவர் கப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு மெல்லச் சாப்பிட்டு முடித்தார். முடித்ததும் இரண்டு தோளையும் கட்டிக்கொண்டு மறுபடியும் "எலாதோ" என்றார்.

"பிடிச்சுப் போச்சு போல" என்று அவள் இன்னொரு கப் வாங்கி வந்தாள்.

இந்த முறை அவர் கப்பைத் தொடவில்லை. அவள் கையைப் பிடித்துத் தன் பாதத்தின்மேல் வைத்தார். மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் சில்லிட்டுக் கிடந்தன. அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏசிக் காற்று நேராக அவர் கட்டிலில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அடப் பாவமே, குளிருதுன்னா சொன்னீங்க?"

ஏசியை அணைத்தாள். போர்வைமேல் போர்வையாகப் போர்த்தினாள். பாதத்தைத் தேய்த்துச் சூடேற்றினாள். வெட்கத்தில் அன்று முழுக்க அவள் வாயே திறக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

மறுநாள் அந்தக் கப்பலின் சமையல்காரர் பார்க்க வந்தார். அவர் தமிழ் பேசுபவர். ஸ்பானிஷ்காரர்களோடு பழகி அந்தப் பாஷையும் அத்துப்படி. கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எலாதோன்னா உறைஞ்சு போனதுன்னு அர்த்தம்க்கா. ஐஸ்கிரீமும் உறைஞ்சதுதானே, அதனால அதுக்கும் அதே பேரு. குளிர்ல விறைச்சவனும் எலாதோ. ஏதாவது கேட்டுத் திகைச்சு நின்னாலும் எலாதோதான்."

"நாமளும் உறைஞ்சு போயிட்டேன்னு சொல்றோமே."

"அதேதான். ஆனா நீங்க சொன்னா 'எலாதா'ன்னு சொல்லணும். பொம்பளைக்கு வேற."

அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி. "அப்புறம் எதுக்கு அந்த முதல் கப்பைச் சாப்பிட்டாராம்?"

சமையல்காரர் கேட்டுச் சொன்னார். "அவ்ளோ ஆசையா நீட்டினீங்களாம். வேண்டாம்னு எப்படிச் சொல்றதுன்னு சாப்பிட்டாராம்."

மாலுமி லேசாகத் தலையாட்டினார். பெரியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, வேறு ஏதாவதா என்று சமையல்காரருக்குப் புரியவில்லை.

காலை ஊன்ற முடிந்ததும் அவரை ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். அந்தச் சொல் மட்டும் பெரியக்கா வீட்டில் தங்கிவிட்டது. மகள் வேலைக்காக வேறு நகரத்துக்குப் போகப்போவதாகச் சொன்ன அன்று, அவளுடைய அப்பா சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"உங்கப்பா எலாதோ" என்றாள் பெரியக்கா.

மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கை கழுவ எழுந்துகொண்டே, "அங்க தங்கறதுக்கு இடம் பாத்தாச்சா?" என்று மட்டும் கேட்டார்.