ராகுகாலத்தில் ஐஸ் ஹொக்கி

பத்து இருபத்தைந்துக்கு உருளைக்கிழங்குக் கத்தியைக் கீழே வைக்கிறார். கையை ஏப்ரனில் துடைக்கிறார். பையிலிருந்து சீட்டை எடுத்து, மூலையில் பிள்ளையார் சுழி ஒன்றைப் போட்டு, இந்த வாரம் ஜெர்மன் ஐஸ் ஹொக்கியில் எந்த அணி எந்த அணியை வெல்லும் என்று விறுவிறுவென எழுதுகிறார். பத்தரைக்கு ஒரு நிமிடம் இருக்கவே சீட்டு பிஸ்கட் டப்பாவுக்குள் விழுந்துவிட வேண்டும். இன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும்.

மகாதேவி அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. ஜெர்மனியின் ஹம் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் பதினெட்டு வருடமாக வேலை. பனி அரங்கில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. வாசலில் தண்ணீர் உறைந்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர். அடிபட்டு ஓடுவது பந்து அல்ல, கறுப்புத் தட்டு என்பதையே மூன்றாவது வருடத்தில்தான் ஒப்புக்கொண்டார். ஆனாலும் சமையலறைக்காரர் ஒன்பது பேர் நடத்தும் டிப்ஷ்பீலில், அதாவது வெல்லப்போவது யார் என்று ஊகிக்கும் போட்டியில், அவரை முந்த ஒரே ஒருவரால்தான் முடிகிறது. அவர் உவே, தலைமைச் சமையற்காரர், பிஸ்கட் டப்பாவின் சொந்தக்காரர்.

உவே புள்ளிப்பட்டியல் படிப்பார், காயம்பட்டவர்களின் பெயரைப் பாடமாக்குவார், விளையாட்டுப் பத்திரிகையை மாவுக் கையோடு புரட்டுவார். மகாதேவி இதொன்றும் பார்ப்பதில்லை. ஆட்ட அட்டவணையை மட்டும் எடுத்து, சமையலறைச் சுவரில் தொங்கும் டீன்ஸ்ட்பிளானை, அந்த வேலைமுறைத் தாளைப் பார்ப்பது மாதிரிப் பார்ப்பார். செவ்வாய் இரவு தெற்கே ஆடி, வெள்ளி வடக்கே போய், ஞாயிறு திரும்பவும் தெற்கே ஓடுகிறவன் எவன்? அவனுக்கு எதிராக எழுதிவிடுவார்.

“பின்னேர வேலை முடிச்சு, விடிய நாலுக்கு எழும்பி வந்தவனிட்ட வெங்காயம் குடுத்தா விரலைத்தான் வெட்டுவான். இவங்களும் அப்பிடித்தான், பிள்ளை. களைச்ச கால் பொய் சொல்லாது.” மேல்மாடியில் தாதியாக இருக்கும் பார்கவிக்குத்தான் இந்தப் பாடம். ஹம்மிலேயே பிறந்தவள், ஆட்ட முடிவுகளைக் கைபேசியில் பார்த்துச் சொல்வது அவள் பொறுப்பு.

“அன்ரி, நீங்கள் ஒரு மச்சாவது முழுசாப் பாத்திருக்கிறீங்களா?”

“ஏன் பாக்க? பாவமாக் கிடக்கும். பாதிப்பேருக்கு முன்பல்லே இல்லை.”

பந்தயப் பணம் கிடையாது. பரிசு அதைவிடப் பெரியது. பருவத்தின் முதற்சுற்று முடிந்த மறுநாள் விடுமுறைத் தாள் சுவரில் ஏறும். வென்றவர்தான் அதில் முதலில் பெயர் எழுதலாம். ஒரு சிக்கல் உண்டு. யாருக்குச் சீனி, யாருக்கு உப்பு, யாருக்குக் கட்டிச் சாப்பாடு ஆகாது என்பதெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் உவேயும் மகாதேவியும் மட்டும். ஆகவே இருவரும் ஒரே நாளில் லீவு எடுக்க ஏலாது. உவே நாலு வருடம் தொடர்ந்து வென்றார். அதற்கு முதலும் மூப்பின் பேரில் அவர்தான் முதலில் எழுதுவார். எழுதுவது எப்போதும் கோடைத் தொடக்கத்தில் இரண்டு வாரம். டென்மார்க்கில் தூண்டில் போடப் போய்விடுவார்.

அந்த இரண்டு வாரத்துக்குள்தான் ஒவ்வொரு முறையும் அம்மன் கோயில் தேர் வந்து விழுகிறது. பாரிசிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் சனம் வந்து குவிகிற தேர். மகாதேவி வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபதே நிமிடம். ஒன்பது வருடமாக அந்த ஞாயிறு அவர் நூற்றிருபது பேருக்குச் சூப் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். கணவர் செல்வராசா வடம் பிடித்துவிட்டு வந்து நெற்றியில் விபூதி பூசிவிடுவார். பூசும்போது அவர் தோளில் மற்றவர்களின் வியர்வையும் கற்பூரமும் மணக்கும். மகாதேவிக்கு அழுகை வந்துவிடும்.

“வாயைத் திறந்து அந்த மனிசனிட்ட ஒருக்காக் கேளன்,” என்பார் செல்வராசா.

“கேட்டு வாங்கினா அது உவேன்ர புண்ணியம். வெண்டு எடுத்தா அது என்ர நாள்.” இந்த ஒரு விஷயத்தில் அவரிடம் பகிடி செல்லாது.

ராகுகாலம் குறித்தும் வீட்டில் வழக்கு உண்டு. ராகு யாழ்ப்பாண நேரத்துக்கு வருவாரா, ஹம் நேரத்துக்கா? செல்வராசா ஊர்க்கட்சி. மகாதேவியின் தீர்ப்பு வேறு. “அவரும் எங்களைப்போல அகதியா வந்து கனகாலம். இப்ப இஞ்சத்த நேரத்துக்குத்தான் வேலை செய்யிறார்.”

இந்த ராகு நவம்பரில் ஒருமுறை காலை வாரிவிட்டார். மீன் வண்டி பத்தேகாலுக்கு வந்தது. பெட்டிகளை எண்ணி இறக்கி நிமிர்ந்தால் மணி பத்தே முக்கால். சீட்டு எழுதப்படவில்லை. ராகு விலகும் பன்னிரண்டுவரை பொறுத்திருந்து, எழுதி, பன்னிரண்டு இரண்டுக்குக் கொண்டுபோனார். உவே டப்பாவின் மூடியில் கையை வைத்துக்கொண்டார். “சீட்டுக்குக் கடைசி நேரம் பன்னிரண்டு. பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு, மகாதேவி.” ஒரு வாரப் புள்ளி முழுதும் போயிற்று. அன்று பிசைந்த மா கல்லாகிப் போனது என்று சொல்கிறார்கள்.

அதன்பிறகு குளிர்காலம் முழுக்க எறும்புபோல ஊர்ந்து ஊர்ந்து ஏறி வந்தார். கடைசி ஞாயிறு விடிந்தபோது உவேக்கு ஒரு புள்ளி பின்னால் நின்றார். ஏழு ஆட்டம். ஐந்தில் இருவரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள், இரண்டில் எதிரெதிர். இரண்டும் சரிவந்தால் தேர். ஒன்று பிழைத்தாலும் சூப்.

அதில் ஓர் ஆட்டம் விசர்த்தனமானது. பட்டியலில் முதலாவதாக நிற்கும் அணியை, கடைசியில் கிடக்கும் அணி வெல்லும் என்று எழுதியிருந்தார். பார்கவியே தலையில் கை வைத்தாள். “முதலாம் இடம் அவங்களுக்கு எப்பவோ நிச்சயம், பிள்ளை. வேலை முடிஞ்சவன் மணிக்கூட்டைத்தான் பாப்பான். மற்றவனுக்கு இண்டைக்குத் தோத்தா அடுப்பே அணைஞ்சிடும்,” என்றார் மகாதேவி.

ஆட்டங்கள் இரண்டு மணிக்குத் தொடங்கின. நாலேகாலுக்கு அவர் கேக் தட்டோடு சாப்பாட்டு மண்டபத்தில் நின்றார். ஒன்று சரிவந்துவிட்டதாக வாசலிலிருந்து பார்கவி விரல் காட்டினாள். மற்றது சமநிலை, மேலதிக நேரம். அப்பிள் கேக், செர்ரி கேக் என்று ஒவ்வொரு கிழவியிடமும் கேட்டுக் கேட்டு வைத்துக்கொண்டே போனார். நாலரைக்குச் சற்று முன் பார்கவி மண்டபத்துக்குள்ளே துள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். மகாதேவி கடைசித் துண்டையும் தட்டில் வைத்துவிட்டு, காலியான ஒரு நாற்காலியில் அப்படியே இருந்துவிட்டார்.

ஆனால் விடுமுறைத் தாள் ஏறியது திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, கோப்பி இடைவேளையில். திங்கள் ஏழரை தொடக்கம் ஒன்பது ராகுகாலம். இடைவேளை ஒன்பதுக்கு முடியும். அதற்குள் வென்றவர் எழுதாவிட்டால் உரிமை இரண்டாமவருக்குப் போய்விடும். இதுவும் உவே போட்ட சட்டம்தான். இரண்டாமவரும் அவர்தான்.

எல்லோரும் பேனையோடு சூழ்ந்து நின்றார்கள். மகாதேவி தாளின் முன்னே, மூடிய பேனையும் கையுமாக, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். எட்டு ஐம்பத்தைந்து. எழுது, எழுது என்றார்கள். “கொஞ்சம் பொறுங்கள்,” என்றார் ஜெர்மனில். பிறகு தமிழில், தனக்குள், “அம்மாளாச்சி, உன்ர நாளை ராகுவில எழுதுவனோ?” ஒன்பது வருடம் ஒரு முள்ளின் நகர்வில் தொங்கியது.

ஒன்பது ஆனது. கூட்டம் உவேயைப் பார்த்தது. உவே கோப்பையை மெல்ல உயர்த்தி ஒரு மிடறு குடித்தார். “என் கோப்பி இன்னும் முடியவில்லை. அது முடியாமல் இடைவேளை முடியாது,” என்று இன்னொரு மிடறு குடித்தார். பதினெட்டு வருடம் அந்த மனிதரின் கோப்பைகளைக் கழுவியவருக்கு, அதில் ஒரு சொட்டும் இல்லை என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

ஒன்பது ஒன்றுக்குப் பேனையைத் திறந்தார். தாளின் மூலையில் பிள்ளையார் சுழி. பிறகு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் தன் பெயர். அவ்வளவுதான். அந்த இரண்டு வாரத்தின் மற்றக் கட்டமெல்லாம் வெறுமையாகக் கிடந்தன.

“மறுநாள் திங்களிலிருந்து நீ டென்மார்க்குக்கு மீனுக்குப் போ,” என்று பேனையை உவேயிடம் நீட்டினார். மற்றக் கையால் அவருடைய வெறுங்கோப்பையை வாங்கி, விளிம்புவரை கோப்பி ஊற்றிக் கொடுத்தார்.